பழைய மடிக்கணினியில் பைத்தான் வகுப்பு: ஈமேக்ஸா, தோனியா?

எங்கள் ஊர் கிளை நூலக மாடியில் கிடக்கும் ஆறு பழைய மடிக்கணினிகளும் ஒருவழியாக ஒரே மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. எஃப்5 தட்டினால் நிரல் ஓடுகிறது. ‘உன் பெயர் என்ன?’ என்று நிரல் கேட்கும்போது ‘பெயர்’ என்ற சொல் திரையில் பெயராகவே தெரிகிறது. முதலாவது சுலபம். இரண்டாவதுதான் என்னை ஈமேக்ஸ் என்ற எடிட்டரிலிருந்து (நிரலைத் தட்டி எழுதும் மென்பொருள்) தோனி என்ற இன்னொன்றுக்கும், அங்கிருந்து திரும்ப ஈமேக்ஸுக்கும் அலைய வைத்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பைத்தான் நிரல்மொழி வகுப்பு வார இறுதியில் நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் பிளஸ் டூ கணினி அறிவியல் பிள்ளைகள். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்பதுதான் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். மீதிப்பேர் எட்டாவது, ஒன்பதாவது. தமிழ்வழியில் படிக்கிறவர்கள். நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், நிரல் பேசுவது தமிழில் இருந்தால்தான் இவர்களுக்குச் சுவாரசியம். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் கருவிகள். ஆறும் மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3 இயந்திரங்கள். யாரோ வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தவை. நான்கில் 2 ஜிபி நினைவகம், இரண்டில் 4 ஜிபி. எல்லாவற்றிலும் சுழலும் வன்தட்டு. பின்மூடியைத் திறக்க ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரும் காலாவதியான ஏடிஎம் அட்டையும் போதும். அட்டையை இடுக்கில் விட்டு நகர்த்திக்கொண்டே போனால் பிளாஸ்டிக் கொக்கிகள் உடையாமல் கழலும். மெட்டல் பிளேடு வைத்து நெம்பியவர் ஒருவர் மூடியின் ஓரத்தைப் பிளந்துவிட்டார். அந்தப் பிளவு இன்னும் செல்லோடேப்பில் நிற்கிறது.

240 ஜிபி எஸ்எஸ்டி ஆறு, ஒன்று 1,400 ரூபாய் வீதம் 8,400. பழைய 4 ஜிபி டிடிஆர்3எல் நினைவக அட்டை நான்கு, ஒன்று 600 வீதம் 2,400. ஒரு கணினிக்கு விசைப்பலகை மாற்றியதில் 700. சிஆர்2032 பட்டன் செல் ஆறு, 240. தெர்மல் பேஸ்ட் 150. ஆக மொத்தம் 11,890 ரூபாய், நூலக வாசகர் வட்டத்தின் செலவு. நினைவக அட்டைகளைச் சென்னை ரிச்சி தெருவில் எடுத்தோம். கடையிலேயே மாட்டிச் சோதித்து வாங்கினால் ஊருக்கு வந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பட்டன் செல்லை மறக்காதீர்கள். அது செத்துப்போன கணினி ஒவ்வொரு தடவை எழும்போதும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். நேரம் தப்பாக இருந்தால் மென்பொருள் களஞ்சியத்தின் தகவல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று சொல்லி மென்பொருளை நிறுவும் கருவியான ஏபிடி எதையும் இறக்க மறுக்கும். நான் முதலில் வைஃபையைத்தான் சந்தேகப்பட்டேன். நாற்பது ரூபாய் செல் சமாச்சாரம் அது.

இயங்குதளம் டெபியன் 12 என்ற லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடியப்போகிறது என்பது தெரிந்தே இருந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைச் செயலிகளை ஏற்றுக்கொள்ளாது. அதனால் லினக்ஸ்தான் என்பதில் விவாதமே எழவில்லை. எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போது சுமார் 550 எம்பி நினைவகம் பிடித்தது. தமிழ் எழுத்துருவுக்கு நோட்டோ, லோஹித் இரண்டையும் போட்டேன். தட்டச்சுக்கு, ஆங்கில விசைகளைத் தமிழாக மாற்றித் தரும் ஐபஸ் என்ற கருவி, அதில் எம்17என் தொகுப்பு வழியாக வரும் தமிழ்99 விசை அமைப்பு.

இங்கே ஒரு கிளைப்பாதை உண்டு. தமிழ் விசைப்பலகையை மேசைத்தளத்தின் ‘கீபோர்டு லேஅவுட்’ அமைப்பிலேயே சேர்த்துவிடலாம். பார்க்க அதுதான் எளிது. சேர்த்தால், தமிழ் நிலையில் இருக்கும்போது கண்ட்ரோல்-எஸ் என்று தட்டுவது ஈமேக்ஸுக்குக் கண்ட்ரோலோடு ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும். அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று அது கையை விரிக்கும். ஐபஸ் வழியில் அடியில் இருப்பது ஆங்கில விசைப்பலகையே என்பதால் கண்ட்ரோல் கட்டளைகள் பிசகுவதில்லை.

இனி எடிட்டர். நான் பல வருடமாக ஈமேக்ஸ்காரன். கடிதம், கணக்கு, நிரல் எல்லாம் அதில்தான். 1985-இலிருந்து வெளிவந்துகொண்டிருக்கும் குனு ஈமேக்ஸுக்கு ‘எட்டு மெகாபைட்டும் தின்றுவிட்டு ஓயாமல் ஸ்வாப் செய்யும்’ (நினைவகம் போதாமல் தட்டுக்கு மாற்றி மாற்றி எழுதும்) என்று பெயரையே விரித்துச் சொல்லும் ஒரு பழைய கேலி உண்டு. இன்று மற்ற எடிட்டர்கள் தின்பதைப் பார்த்தால் அது பத்தியச் சாப்பாட்டுக்காரர். எனவே யோசிக்கவே இல்லை. என் வீட்டுக் கணினியில் இருந்த அமைப்புக் கோப்புகளை அப்படியே பென்டிரைவில் எடுத்துவந்து ஆறிலும் போட்டேன். தானாகச் சொல் நிரப்பும் தொகுப்பு, பிழை காட்டும் தொகுப்பு, கிட் தொகுப்பு, வண்ணத் தொகுப்பு என்று எல்லாம். மெல்பா களஞ்சியத்திலிருந்து அவை இறங்கக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே கதி.

கல்யாண வீட்டு அண்டாவை ஏற்றி ஒரு டம்ளர் காபி போட்ட கதையாயிற்று. பையன்கள் பழகியிருந்தது கைப்பேசியும், பைத்தானோடு சேர்ந்தே வரும் பள்ளி ஆய்வகத்து ஐடில் எடிட்டரும். கண்ட்ரோல்-இசட் தட்டினால் போட்ட தப்பு திரும்பும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். ஈமேக்ஸில் அந்த விசை ஜன்னலையே சுருக்கிக் கீழே தள்ளிவிடும்.

“அண்ணா, எல்லாம் காணாமப் போச்சு!”

“எங்கேயும் போகலைடா, கீழே பட்டையில் பாரு.”

கண்ட்ரோல்-எஸ் சேமிப்பதற்குப் பதிலாகத் தேடலைத் திறக்கும். சேமித்துவிட்டதாக நினைத்து மேலே தட்டிக்கொண்டே போவார்கள். தட்டியதெல்லாம் அடியில் உள்ள தேடல் வரியில் விழுந்துகொண்டிருக்கும். கண்ட்ரோல்-சி தட்டினால் நகல் எடுக்காது, அடுத்த விசைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். ‘எம்-எக்ஸ்’ என்று நான் கரும்பலகையில் எழுதியதை ஒரு பெண் எம் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். அவள்மேல் குற்றமில்லை. ஆல்ட் விசைக்கு ‘மெட்டா’ என்ற பெயர் அவளுடைய விசைப்பலகையில் எங்கும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. நிரல் பற்றிப் பேச வேண்டிய நேரம் முழுக்க விசைகளைப் பற்றிய பேச்சிலேயே கரைந்தது.

அடுத்த வாரம் ஈமேக்ஸ் ஐகானை எடுத்துவிட்டுத் தோனியைப் போட்டேன். பெயரைச் சொன்னதும் பசங்களுக்கு மஞ்சள் சட்டைதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வகுப்பு கலகலப்பாகத் தொடங்கியது. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் நிரல் கற்பிப்பதற்கென்றே உருவான சூழல் இது. மேலே நிரல், கீழே விடை வரும் ஷெல், அவ்வளவுதான் முகப்பு. எஃப்5 ஓட்டும். ‘வியூ’ பட்டியலில் ‘வேரியபிள்ஸ்’ என்பதை டிக் செய்தால் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் பக்கத்தில் பட்டியலாக வரும்.

தோனியின் உண்மையான பலம் படிப்படியாக ஓட்டிக்காட்டுவது. கண்ட்ரோல்-எஃப்5-இல் தொடங்கி எஃப்7 தட்டத் தட்ட, ‘2 * (3 + க)’ போன்ற ஒரு கோவை எப்படி உள்ளிருந்து வெளியே சுருங்கி ஒரே எண்ணாகிறது என்பதைத் திரையில் பெட்டி போட்டுக் காட்டும். ஒரு செயற்கூறு தன்னையே அழைத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி ஜன்னல் திறக்கும். ஃபேக்டோரியலை நான் கரும்பலகையில் பல விதமாகச் சொல்லியும் ஏறாத பையனுக்கு, ஐந்து ஜன்னல் அடுக்கடுக்காகத் திறந்து ஒவ்வொன்றாக மூடியதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இதற்கு ஈடாக ஈமேக்ஸில் என்னால் எதையும் காட்ட முடியாது. பிடிபி பிழைதிருத்தியை ஈமேக்ஸுக்குள் ஓட்டலாம், ஓட்டுகிறேன். அதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது.

எனவே கேள்வி முடிந்தது என்று நினைத்தேன். நிறுவிய அன்றே தமிழையும் சோதித்திருந்தேன். ‘வணக்கம்’ என்று அச்சிட்டுப் பார்த்தேன், வந்தது. புள்ளி கொஞ்சம் தள்ளி நின்ற மாதிரி தோன்றியது, எழுத்துரு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன்.

சிக்கல் அந்தச் சொல்லில்தான் ஒளிந்திருந்தது. ‘வணக்கம்’ என்பதில் கொம்பு போட்ட எழுத்து ஒன்றுகூட இல்லை. உள்ளீடு வாங்கும் பாடம் வந்து, ‘உன் பெயர் என்ன?’ என்று எல்லாரும் தட்டியபோது ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நின்றது. ‘கொடு’ என்பதில் ககரம் தனியாக நிற்க, கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. ‘கு’, ‘மு’ எல்லாம் உடைந்து, எழுத்து ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம். பிள்ளைகள் தங்கள் தட்டச்சுதான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழித்து அழித்து அடித்தார்கள். சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கொம்பை முதலில் தட்டிப் பிறகு பகரத்தைத் தட்டிப் பார்க்கவும் செய்தார்கள். திரையில் சரியாகத் தெரிந்தது. கோப்பில் இருந்ததோ குப்பை.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூனிகோடில் ‘பெ’ என்பது முதலில் ப, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நிரலகத்தின் வேலை. தோனியின் முகப்பு டிகே என்ற கருவித்தொகுப்பில் கட்டப்பட்டது. நான் போட்ட டிகே 8.6, லினக்ஸில் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது, இடம் மாற்றுவதில்லை. விண்டோஸில் அந்த வேலையை இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. நண்பர் ஒருவரின் விண்டோஸ் கணினியில் அதே நிரலைத் தோனியில் திறந்து பார்த்தேன், எழுத்துகள் ஒழுங்காகவே வந்தன.

காரணம் தெரிவதற்கு முன்னால் எழுத்துரு மாற்றி மாற்றிப் போட்டதில் ஒரு மாலைப்பொழுது போயிற்று. நோட்டோ, லோஹித், இன்னும் கையில் கிடைத்ததெல்லாம். எதிலும் கொம்பு அசையவில்லை. பாடநூல் பயன்படுத்தும் ஐடிலுக்கு மாறலாமா என்று பார்த்தேன். அதுவும் டிகே-யில் ஆனதுதான், அதே உடைந்த பெயர்.

அடுத்து ஜீனி. சின்ன எடிட்டர், ஜிடிகே என்ற வேறொரு கருவித்தொகுப்பில் ஆனது, நிரலுக்குள் தமிழ் அருமையாகத் தெரிந்தது. எஃப்5 தட்டினால் நிரலைத் தனி முனைய (டெர்மினல்) ஜன்னலில் ஓட்டுகிறது. நான் வைத்திருந்த எக்ஸ்டெர்ம் முனையத்தில் ‘பெயர்’ மறுபடி உடைந்தது. முனையங்கள் எழுத்தைச் சம அகலக் கட்டங்களில் அடைப்பவை. தமிழ் கட்டத்துக்குள் அடங்குகிற எழுத்து இல்லை.

விஎஸ் கோட் எடிட்டரை ஏன் போடவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போட்டேன். அதன் அடியில் இருப்பது குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியம், அதனால் நிரலுக்குள் தமிழ் பிசகில்லை. ஓட்டும்போது விடை அதற்குள் இருக்கும் முனையத்தில் வருகிறது. அங்கே ஜீனி கதைதான். பைத்தான் நீட்சியோடு சேர்த்து ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் போயிற்று. கூடவே பிரவுசரைத் திறந்தால் 4 ஜிபி கணினி மூச்சு வாங்குகிறது. பக்கத்து ஜன்னலில் அது காட்டும் பரிந்துரைகளையும் புதுப்பிப்பு அறிவிப்புகளையும் ஒவ்வொன்றாக மூடுவது பிள்ளைகளுக்கே ஒரு பாடவேளை.

நிரல், விடை, உள்ளீடு மூன்றிலும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது எது என்று பார்த்தால், நான் ஐகானை எடுத்துவிட்ட ஈமேக்ஸ்தான் மிஞ்சியது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து அது ஹார்ஃப்பஸ் நிரலகத்தை வைத்து எழுத்தை வடிவமைக்கிறது. டெபியன் 12-இல் வருவது 28.2. நிரலின் விடையும் அதற்குள் இன்னொரு உரைப்பகுதியாகத்தான் வருகிறது என்பதால் முனையத்தின் கட்டச் சிறை இல்லை. கண்ட்ரோல்-எச், பிறகு எச் தட்டினால் உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் பக்கம் ஒன்று திறக்கும், தமிழும் உண்டு. அதிலும் சொல் ‘வணக்கம்’தான். சோதனைக்கு அதை நம்பாமல் ‘கொடுக்கும் கைகளுக்கே பெருமை’ என்று தட்டிப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை.

இந்தத் தடவை என் அமைப்பு எதையும் கொண்டுவரவில்லை. வெறும் கோப்பில் தொடங்கி, வகுப்பில் எது இடிக்கிறதோ அதற்கு மட்டும் ஒரு வரி என்று சேர்த்தேன். வெளியிலிருந்து ஒரு தொகுப்புகூடக் கிடையாது. இப்போது முப்பத்தைந்து வரிக்குள் நிற்கிறது. நினைவகம் 100 எம்பி சுற்றி.

முதலில் விசைகள். சியுஏ மோடை இயக்கினால் கண்ட்ரோலோடு சி, எக்ஸ், வி, இசட் நான்கும் ஊர் வழக்கப்படி நடக்கும். கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-எஃப் மூன்றையும் அது தொடாது. அவற்றை நானே சேமிப்பு, அனைத்தையும் தேர்வு, தேடல் என்று மாற்றிக் கட்டினேன். தேடலுக்கு உள்ளேயும் கண்ட்ரோல்-எஃப்-ஐ ‘அடுத்தது’ என்று தனியாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தேடல் முதலிலிருந்து தொடங்கும். பழைய ஈமேக்ஸ்காரர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கருவிப்பட்டையை நான் என் கணினியில் முதல் வேலையாக அணைப்பவன், இங்கே விட்டுவைத்தேன். அதில் கோப்பு திறக்கும் படத்தைச் சுட்டியால் சொடுக்கினால் வழக்கமான கோப்புப் பெட்டி வரும். வரவேற்புத் திரையை அணைத்தேன். காப்புக் கோப்புகளையும் அணைத்தேன், ஏனென்றால் பெயருக்குப் பின்னால் நெளிகோடு போட்ட பழைய நகலைத் திறந்து வைத்துக்கொண்டு ‘நான் மாத்தினது வரலையே’ என்று கேட்கிற கூத்து நடந்தது.

எஃப்5 தான் அதிகம் வேலை வாங்கியது. ஈமேக்ஸின் பைத்தான் மோடில், நிரல் முழுவதையும் ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்கு அனுப்பும் கட்டளை தயாராகவே இருக்கிறது. அதை எஃப்5-இல் கட்டினேன். இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, நேரடியாக ஓட்டும்போது மட்டும் நடக்க வேண்டியதை எழுதுகிற ‘மெயின்’ நிபந்தனைப் பகுதியை அது வழக்கமாகவே ஓட்டாது. பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி அதை எழுதியிருந்தாள், ஒன்றும் அச்சாகவில்லை, பிழையும் வரவில்லை. இன்னொன்று மோசமானது. ஷெல் பழையதையே வைத்துக்கொண்டிருப்பதால், நிரலிலிருந்து அழித்துவிட்ட மாறியும் அங்கே உயிரோடு இருக்கும். தப்பான நிரல் வகுப்பில் ஓடும், வீட்டுக்குப் போனால் ஓடாது. தோனி ஒவ்வொரு எஃப்5-க்கும் பைத்தானைப் புதிதாகத் தொடங்குவதன் அருமை அப்போதுதான் உறைத்தது.

தீர்வு ஷெல்லை விட்டுவிட்டு, நிரலைத் தனியாக ஓட்டி விடையைக் காட்டும் ஈமேக்ஸின் ‘கம்பைல்’ கட்டளைக்குப் போனது. கோப்பைச் சேமித்து, பைத்தான்3-ஓடு அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்து ஓட்டுகிற சின்ன செயற்கூறு ஒன்றை எழுதி எஃப்5-க்குக் கொடுத்தேன். கம்பைல் கட்டளைக்கு இரண்டாவதாக ‘டி’ (t) என்று ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் விடை ஜன்னலில் பதிலைத் தட்ட முடியும், இல்லாவிட்டால் ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்டுவிட்டு நிரல் பதில் வாங்க வழியில்லாமல் நிற்கும். ஓட்டியதும் சுட்டுக்குறி விடை ஜன்னலின் கடைசி வரிக்குப் போகவும், எஃப்6 தட்டினால் நிரலுக்குத் திரும்பவும் ஏற்பாடு. இதில் இனாமாகக் கிடைத்தது பிழை வரி: பைத்தான் கக்கும் பிழைச் செய்தியில் கோப்பும் வரி எண்ணும் வரும் இடத்தைச் சொடுக்கினால் நேரே அந்த வரிக்குப் போய்விடுகிறது.

முடிவில்லாமல் சுற்றும் ‘வைல்’ எழுதாத பிள்ளை உண்டா? அது சுற்றிக்கொண்டிருக்கும்போது எஃப்5 தட்டினால் ‘பழையதை நிறுத்தட்டுமா’ என்று ஈமேக்ஸ் அடியில் கேட்டுக்கொண்டு நிற்கும், பையன் அதைப் பார்க்க மாட்டான். ‘கம்பைலேஷன்-ஆல்வேஸ்-கில்’ என்பதை இயக்கிவிட்டால் கேட்காமல் பழையதைக் கொன்றுவிட்டுப் புதியதைத் தொடங்கும். சேமிக்கட்டுமா என்ற கேள்வியையும், வரி உள்தள்ளலை ஊகிக்கிற வேலையையும் அணைத்தேன்.

எழுத்துரு. ஆங்கிலத்துக்குச் சம அகல எழுத்துரு, தமிழுக்கு நோட்டோ என்று எழுத்துருத் தொகுதியில் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் தமிழ் வருகிற வரி மட்டும் உயரமாகிப் பக்கம் குதித்தது. எழுத்துரு அளவு மாற்றும் பட்டியலில் நோட்டோவுக்கு 0.9 கொடுத்ததும் அடங்கியது. புரொஜெக்டரில் காட்டும்போது 18 புள்ளி, பிள்ளைகளின் திரையில் 13.

ஒன்று மட்டும் எந்த எடிட்டராலும் தீராது. மதிப்பெண் பட்டியலை நெடுக்குக் கோட்டில் நிறுத்தப் பெயருக்குப் பத்து இடம் ஒதுக்குகிற வித்தை தமிழில் செல்லாது. பைத்தான் எண்ணுவது குறியீடுகளை, கண் பார்ப்பது எழுத்தை, அகலமும் எழுத்துக்கு எழுத்து வேறு. எண்ணை முதலில் அச்சிட்டுப் பெயரைக் கடைசியில் போடச் சொன்னேன். பட்டியல் நேராயிற்று.

பிறகு வந்த வகுப்புகளில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், எடிட்டர் விஷயத்தில் என் மனசை மாற்றியது அதுதான். முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கிற சொல்லைக் கண்டுபிடிக்கும் பயிற்சி எல்லாப் பாடநூலிலும் இருப்பதுதான். ‘விகடகவி’ கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். நிரல் ‘இல்லை’ என்றது. சத்தம் போட்டுச் சிரித்தார்கள். திருப்பிப்போட்ட சொல்லையே அச்சிடச் சொன்னேன். ஈமேக்ஸில் முதல் எழுத்தாக ஒரு புள்ளிவட்டம், அதன்மேல் தொங்கிக்கொண்டு ஓர் இகரக் குறி, பிறகு வகடகி, கடைசியில் வெறும் வ. வட்டத்தைப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பையன் தானாகவே சொன்னான்: “அண்ணா, வி-ங்கிறது அதுக்கு ரெண்டு எழுத்து.”

அங்கிருந்து பாடம் தானாக ஓடியது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘கோயில்’ 6. ஈமேக்ஸில் அம்பு விசையால் நகர்ந்தால் சுட்டுக்குறி ‘கோ’வை ஒரே தாவலில் தாண்டும். பேக்ஸ்பேஸ் தட்டினால் முதலில் குறி மட்டும் போய்க் ககரம் மிஞ்சும். இதைப் பத்து முறை செய்து பார்த்த பிள்ளைக்கு யூனிகோடைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொம்பு ஏற்கெனவே இடம் மாறிக் கிடக்கும் திரையில் இதைக் காட்டியிருந்தால் எது பைத்தான் செய்தது, எது திரை செய்தது என்று நானே தடுமாறியிருப்பேன்.

எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் தொகுப்பைப் போட்டோம், தமிழிலேயே நிரல் எழுத உதவும் எழில் நிரல்மொழிக்காரர்கள் வழி வந்தது. அதில் எழுத்துகளைப் பட்டியலாகத் தரும் கட்டளை ‘தமிழ்’ என்பதற்கு மூன்று தரும், ‘விகடகவி’யையும் ஒப்புக்கொள்ளும். நிறுவும்போது டெபியன் 12 ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்-ஐத் தடுத்துவிடும். மீறிப் போடாதீர்கள். வீட்டுக் கோப்புறையில் ஒரு தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் போடுங்கள், எஃப்5 செயற்கூறில் பைத்தான்3 என்ற இடத்தில் அந்தச் சூழலின் பைத்தானுக்கு வழி கொடுங்கள். தோனியிலும் ‘இன்டர்பிரட்டர்’ அமைப்பில் அதே வழியைக் காட்டலாம்.

தோனியை அகற்றவில்லை. இரண்டும் மேசையில் இருக்கின்றன. மாறி, நிபந்தனை, சுற்று, செயற்கூறு வரைக்கும் எண்களை வைத்து நடத்தும் பாடங்கள் தோனியில். எஃப்7 வேண்டிய இடத்தில் ஈமேக்ஸை நான் வாயெடுப்பதே இல்லை. சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) தொடங்கும்போது ஈமேக்ஸுக்கு மாற்றம். எஃப்5 இரண்டிலும் ஒரே வேலை செய்வதால் மாறுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் ஈமேக்ஸின் பழைய விசைகளைக் கேட்டு வாங்கிக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களிடம் நான் திணிப்பதில்லை.

உங்கள் கணினிகளில் விண்டோஸ் ஓடுகிறது என்றால் இந்த அலைச்சலில் பாதி உங்களுக்கு இல்லை, தோனியோடு நிறுத்திக்கொள்ளலாம். லினக்ஸில் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடும் வகுப்பு என்றாலும் அப்படியே. லினக்ஸும் தமிழும் சேரும் இடத்தில்தான் கணக்கு மாறுகிறது.

அடுத்த முறை மாற்றுவது சில உண்டு. எந்த எடிட்டரையும் நிறுவிய உடனே மூன்று இடத்தில் ‘கொடுக்கும் கைகளுக்கே பெருமை’ தட்டிப் பார்ப்பேன்: நிரலுக்குள், விடையில், உள்ளீட்டில். 2 ஜிபி கணினிகளுக்கு நினைவகம் வாங்குவதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவேன், அதைத் தள்ளிப்போட்டதால் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டியிருந்தது. அமைப்புக் கோப்பை ஆறு கணினியிலும் கையால் நகலெடுத்ததில் ஒன்றில் பழைய பதிப்பு தங்கிவிட்டது. இனி அது நூலகக் கணினியில் ஓரிடத்தில் இருக்கும், மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். டெபியன் 13-இல் ஈமேக்ஸ் 30 வருகிறது. 29-ஆம் பதிப்பிலிருந்தே, தட்டத் தட்டப் பிழையும் பரிந்துரையும் காட்ட உதவும் எக்லாட் உள்ளேயே இருப்பதால், பிளஸ் டூ முடித்து மேலே கற்க வருகிறவர்களுக்கு அதை மட்டும் ஒரு கணினியில் திறந்துவிட்டுப் பார்க்க எண்ணம். விசைப்பலகை மாற்றிய கணினியில் இப்போது எஃப்5 விசையே தேய்ந்து ஒட்டிக்கொள்கிறது. 700 ரூபாய்க்கு இன்னொன்று வாங்குவதா, எஃப்9-க்கு மாற்றிக் கட்டிவிடுவதா என்பது வரும் சனிக்கிழமை வேலை.